1,450 ரூபாய் பருப்பொருள் கிட்: கலவை வரை சரி, சேர்மத்தில் சறுக்கல்

மதுரையில் ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளிலும், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் பெரிய ஸ்டேஷனரி கடைகளிலும் இந்தப் பெட்டி கிடைக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை வரும் தனிமம், சேர்மம், கலவை, அணு அமைப்பு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடக்கியிருக்கிறார்கள். விலை 1,450 ரூபாய். பேரம் பேசினால் 1,300 வரை இறங்கும். தயாரிப்பாளர் பெயர் இங்கே வேண்டாம். இதே அச்சில் வார்த்த பெட்டிகள் வேறு வேறு பெயரில் வருவதால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் உதவும்.

உள்ளே முக்கியமாக இருப்பவை: பிளாஸ்டிக் புனல், வடிதாள் ஒரு கட்டு, 100 மில்லி பீக்கர் இரண்டு, பீங்கான் கிண்ணம், ஸ்பிரிட் விளக்கு, சோதனைக் குழாய் நான்கு, லாட காந்தம், 60 மில்லி பிரிபுனல், சிவப்பு லேசர், இரும்புத் தூள், கந்தகப் பொடி, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), அந்துருண்டை, பந்தும் குச்சியும் கொண்ட மூலக்கூறு மாதிரிகள், வகைப்பாட்டு அட்டைகள் 60, ஒரு கையேடு. அளப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் கரண்டி. தராசு இல்லை. இந்தப் பெட்டியின் பெரிய கோளாறு அந்த இடத்தில்தான் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முதலில் நன்றாக இருப்பதைச் சொல்லிவிடலாம். மணல், உப்பு, இரும்புத் தூள், அந்துருண்டைப் பொடி நான்கையும் கலந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கும் பாடம் ஒழுங்காக அமைந்திருக்கிறது. காந்தத்தை நேராகத் தூளில் விடாமல் ஒரு பாலித்தீன் தாளில் சுற்றி ஓட்டச் சொல்கிறது கையேடு. அனுபவமுள்ள கை எழுதியது என்று தெரிகிறது. இல்லையென்றால் காந்தத்திலிருந்து இரும்பைச் சுரண்டி எடுப்பதே தனிச் சோதனையாகிவிடும்.

அடுத்த படியில் தடுமாறுகிறது. கலவையில் 10 மில்லி தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைக்கச் சொல்கிறார்கள். அறை வெப்பநிலையில் 100 மில்லி தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்புதான் கரையும். 10 மில்லியில் 3.6 கிராம். பாக்கெட்டில் இருக்கும் உப்பு 5 கிராம். மீதி உப்பு மணலோடு வடிதாளில் தங்கி, காய்ந்த பிறகு மணலில் வெள்ளை வெள்ளையாக மின்னும். 25 மில்லி ஊற்றுங்கள். பிறகு வடிதாளில் தங்கிய மணல் மேல் 5 மில்லி வீதம் இரண்டு முறை ஊற்றிக் கழுவுங்கள். மணலில் ஒட்டிய உப்பும் இறங்கிவிடும்.

உப்பு தீர்ந்து கடையில் வாங்கினால் பொடி உப்பு வேண்டாம். அயோடின் கலந்த பொடி உப்பில் கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருள்கள் உண்டு. கரைசல் லேசாகக் கலங்கி நிற்கும். கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் கிடைக்கும் கல் உப்பை வாங்கி, முதலில் கரைத்து வடிகட்டி, அதில் வரும் சேற்றைக் காட்டிவிட்டுத் தொடங்குவது மேல். கல் உப்பே ஒரு கலவை என்பது அங்கேயே புரிந்துவிடும்.

தண்ணீர் விஷயமும் மதுரையில் முக்கியம். போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டர் 1,000 காட்டினால், லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்று பொருள். அந்தத் தண்ணீரில் 100 மில்லியைக் கிண்ணத்தில் வற்றவிட்டால் 0.1 கிராம் வெள்ளைப் பொருக்கு மிஞ்சும். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரும் கலவைதான், தூய பொருள் அல்ல என்று காட்ட இதைவிட மலிவான சோதனை கிடையாது. கையேட்டில் இது இல்லை. தண்ணீரைப் பற்றி வரும் இடத்திலோ 'குழாய் நீர் – தூய பொருள்' என்று போட்டிருக்கிறார்கள்.

அந்துருண்டை பற்றியும் ஒரு வார்த்தை. பதங்கமாதலுக்கு, அதாவது திடப்பொருள் உருகாமல் நேராக ஆவியாவதற்கு, நாப்தலீன் என்று எழுதிவிட்டு, பெட்டியில் போட்டிருப்பது சில சமயம் பாரா டைகுளோரோபென்சீன் உருண்டை. நாப்தலீன் 80 டிகிரி செல்சியஸில் உருகும். மற்றது 53 டிகிரியிலேயே உருகிவிடும். ஸ்பிரிட் விளக்கை நேராகக் கிண்ணத்தின் அடியில் வைத்தால் இரண்டுமே உருகி ஓடும். பிள்ளைகள் பார்ப்பது உருகுதலை, பதங்கமாதலை அல்ல. கிண்ணத்தைச் சூடான தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, வாயைப் பஞ்சால் அடைத்த புனலைக் கவிழ்த்து, புனலின் மேல் ஈரத்துணி சுற்றினால் உள்பக்கம் படிகம் படியும். பூஜைக் கற்பூரம் இதற்கு இன்னும் வேகமாக வேலை செய்யும், ஆனால் தீப்பிடிக்கும். அதற்கும் வெந்நீர்ச் சூடுதான், தீ கூடாது. நவச்சாரத்தையும் (அம்மோனியம் குளோரைடு) பதங்கமாகும் பொருள் என்று கையேடு சேர்த்திருக்கிறது. பாடநூல் வழக்கு அப்படித்தான் என்றாலும், அது சூட்டில் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து, குளிர்ந்த இடத்தில் மறுபடி சேர்கிறது. பொருள் மாறாமல் ஆவியாகும் கற்பூரத்தோடு அதை ஒரே வரிசையில் வைப்பது, இயற்பியல் மாற்றமா வேதி மாற்றமா என்ற அடுத்த பாடத்தைக் குழப்பும்.

எண்ணெயையும் தண்ணீரையும் பிரிக்கும் பிரிபுனல் நல்லது, குழாய் ஒழுகவில்லை. மூடியைத் திறக்காமல் குழாயைத் திருப்பினால் எண்ணெயும் இறங்காது தண்ணீரும் இறங்காது. அதைக் கையேடு சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான்.

கூழ்மம் பகுதிக்கு வருவோம். லேசர் ஒளிக்கற்றை உண்மைக் கரைசலில் தெரியாது, கூழ்மத்தில் கோடாகத் தெரியும் என்பது டிண்டால் விளைவு. கரைபொருள் துகள் ஒரு நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் ஒளியைச் சிதறடிக்க முடியாத அளவு சிறியது. ஒன்றிலிருந்து ஆயிரம் நானோமீட்டர் வரை உள்ள கூழ்மத் துகள்கள் சிதறடிக்கும். கையேடு சொல்லும் அளவு: ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி பால். அதாவது 200 மில்லிக்கு 5 மில்லி. அப்படிச் செய்தால் கோடு தெரியாது. டம்ளர் முழுக்கச் சிவப்பாக மினுங்கும். ஒளி ஒரு துகளில் பட்டு அடுத்த துகளிலும் பட்டுத் திரும்பத் திரும்பச் சிதறிவிடுகிறது. 250 மில்லித் தண்ணீரில் இரண்டு அல்லது மூன்று சொட்டுப் பால் போதும். விளக்கை அணைத்துவிட்டு, கண்ணுக்கு நேராக லேசரைப் பிடிக்காமல், பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

ஒப்பிட்டுக் காட்ட அவர்கள் வைத்திருப்பது மயில்துத்தக் கரைசல். இங்கே இரண்டு தவறு. மயில்துத்தக் கரைசல் நீலமாகத் தெரிவதே சிவப்பு ஒளியை விழுங்குவதால்தான். சிவப்பு லேசர் அதற்குள் சென்றால் கோடு தெரியாததற்குக் காரணம் துகள் சிறியதாக இருப்பது மட்டுமல்ல. ஒளியே பாதி வழியில் தீர்ந்துவிடுகிறது. விடை சரியாக வந்து காரணம் தப்பாகப் போகும் சோதனை. இரண்டாவது, போர் தண்ணீரில் மயில்துத்தத்தைக் கரைத்தால் அதிலுள்ள பைகார்பனேட்டோடு சேர்ந்து வெளிர்நீலக் கலங்கல் வரும். அப்போது கோடும் தெரியும்! உண்மைக் கரைசல் என்று எழுதிய பாத்திரத்தில் கூழ்மம் போல ஒளி தெரிந்தால் ஆசிரியர் என்ன சொல்லிச் சமாளிப்பார்? மயில்துத்தத்தை ஒதுக்கிவிட்டுச் சர்க்கரைக் கரைசலை வடிகட்டிப் பயன்படுத்துங்கள். தண்ணீருக்கு, டூ வீலர் கடைகளில் விற்கும் பேட்டரி வாட்டர் ஒரு லிட்டர் போதும். பேட்டரி ஆசிட் அல்ல. லேபிளைப் படித்து வாங்குங்கள்.

வகைப்பாட்டு அட்டைகளில் 60-இல் பெரும்பாலானவை சரி. தவறான மூன்றைத் திருத்திவிட்டுக் கொடுக்க வேண்டும். பித்தளையைச் சேர்மம் என்று போட்டிருக்கிறார்கள். தாமிரமும் துத்தநாகமும் 70-க்கு 30 என்றும் இருக்கலாம், 60-க்கு 40 என்றும் இருக்கலாம், இரண்டும் பித்தளைதான். பங்கு மாறலாம் என்றால் அது கலவை. வீட்டுக் குத்துவிளக்கு ஒருபடித்தான, அதாவது எங்கும் ஒரே சீரான கலவை, திடக் கரைசல். ஓசோனையும் சேர்மம் என்று போட்டிருக்கிறார்கள். மூன்று ஆக்சிஜன் அணு சேர்ந்ததால் சேர்மம் என்று எழுதியவர் நினைத்திருக்க வேண்டும். சேர்மத்துக்கு வேறு வேறு தனிமங்களின் அணுக்கள் வேண்டும். இதே பெட்டியில் இருக்கும் கந்தகத்தின் மூலக்கூறிலும் எட்டு அணு உண்டு. அதைச் சரியாகத் தனிமம் என்றுதான் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது பால். ஒருபடித்தான கலவை என்கிறது அட்டை. கண்ணுக்கு ஒரே சீராகத் தெரிவதால் வந்த ஏமாற்றம். பால் கொழுப்புத் துளிகளும் கேசின் புரதமும் நீரில் பரவிய கூழ்மம், பலபடித்தானது. மேலே சொன்ன லேசர் சோதனையே அட்டையைப் பொய்யாக்கிவிடும்.

கலவைக்கு எடுத்துக்காட்டாக 'பழச்சாறு' என்று பொத்தாம் பொதுவாக ஒரு அட்டை இருக்கிறது. மதுரையில் விற்கும் பெட்டிக்கு ஜிகர்தண்டாவை விட்டால் வேறு என்ன அட்டை வேண்டும்? அதில் நன்னாரி சர்பத்தைத் தனியாக எடுத்தால் நிறமுள்ள ஒருபடித்தான கரைசல். பால், நீரில் கொழுப்பு பரவிய பால்மம். ஊறிய பாதாம் பிசின், திடத்துக்குள் நீர் அடைபட்ட களி வகைக் கூழ்மம். மேலே வைக்கும் ஐஸ்கிரீமில் காற்றுக் குமிழியும் பனிப்படிகமும் சேர்ந்திருக்கின்றன. டம்ளர் முழுவதையும் எடுத்தால் ஒவ்வொரு வாய்க்கும் ஒவ்வொரு விதம். பச்சையான பலபடித்தான கலவை. பாறைக்கும் உள்ளூர் எடுத்துக்காட்டுதான் மேல். பெட்டியில் கொடுத்திருப்பது பாலிஷ் போட்ட கருங்கல் துண்டு. அதில் மணி மணியாக எதுவும் பிரிந்து தெரியவில்லை. மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் பட்டறை வாசலில் விழுந்து கிடக்கும் ஒரு சில்லில் வெள்ளை, கண்ணாடி நிறம், கருப்பு என்று கனிமங்கள் தனித்தனியாகத் தெரியும்.

இனி கரண்டிக்கு வருகிறேன்.

இரும்பும் கந்தகமும் சேர்ந்து இரும்பு சல்பைடு ஆகும் சோதனை, கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுவதற்காகவே பாடத்தில் இருக்கிறது. சூடாக்கும் முன் காந்தத்தில் இரும்பு ஒட்டும். சூடாக்கிய பின் ஒட்டக்கூடாது. கையேடு சொல்வது: 'ஒரு கரண்டி இரும்புத் தூள், ஒரு கரண்டி கந்தகப் பொடி.' இரண்டு பொடிகளுக்கும் கனம் வேறு. ஒரு மில்லி அளவுக்கு எடுத்தால் இரும்புத் தூள் இரண்டரை கிராமுக்கு மேல் நிற்கும். கந்தகம் ஒரு கிராம்கூட வராது. சேர வேண்டிய பங்கோ அணு எடைப்படி 56-க்கு 32, அதாவது எடையில் 7-க்கு 4. 0.8 கிராம் கந்தகம் 1.4 கிராம் இரும்பைத்தான் எடுத்துக்கொள்ளும். மீதி ஒரு கிராமுக்கு மேல் இரும்பு அப்படியே கிடக்கும். ஆறிய பிறகு காந்தத்தைக் கொண்டுபோனால் கட்டி பளிச்சென்று ஒட்டும். பிள்ளை நோட்டில் எழுதுவது: 'சேர்மத்தையும் காந்தம் ஈர்க்கிறது.' சோதனையின் நோக்கமே தலைகீழாகிவிட்டது.

சேர்மத்தில் தனிமங்கள் மாறாத எடை விகிதத்தில்தான் சேரும் என்பது பிரவுஸ்ட் 1799-இல் சொன்ன விதி. இதே கையேட்டின் 21-ஆம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் கரண்டிக் கணக்கு. கலவைக்குக் கரண்டி போதும். சேர்மத்துக்குத் தராசு வேண்டும். 0.01 கிராம் காட்டும் பாக்கெட் டிஜிட்டல் தராசு நகைக்கடைச் சாமான் விற்கும் இடங்களில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெட்டியில் லேசருக்குப் பதில் அதை வைத்திருந்தால் இந்தக் கட்டுரை பாதியாகக் குறைந்திருக்கும்.

சரியாகச் செய்யும் முறை இது. இரும்புத் தூள் 1.4 கிராம், கந்தகம் 0.9 கிராம். கந்தகத்தில் 0.1 கிராம் கூடுதல் ஏனென்றால் கொஞ்சம் ஆவியாகப் போய்விடும். மிஞ்சியது எரிந்துவிடும், இரும்பு மிஞ்சினால்தான் சோதனை கெடும். இரண்டையும் காகிதத்தில் வைத்து நன்றாகக் கலந்து, ஒரு சிட்டிகை தனியாக எடுத்துக் காந்தத்தில் காட்டிவிட்டு, மீதியைச் சோதனைக் குழாயில் போடுங்கள். குழாயின் வாயை அடைக்கப் பெட்டியில் பஞ்சு கொடுத்திருக்கிறார்கள். தயவுசெய்து பஞ்சு வேண்டாம், தீப்பிடிக்கும். கண்ணாடி நார் அல்லது பீங்கான் நார் வாங்கி லேசாக வையுங்கள். கந்தக ஆவி வெளியே வந்து எரியாமலிருக்கத்தான் அது. அடியில் ஒரு மூலையை மட்டும் சூடாக்குங்கள். கந்தகம் 115 டிகிரியில் உருகி, பழுப்பாகி, பிறகு ஒரு புள்ளி செந்தழலாகும். அந்த நொடியே விளக்கை எடுத்துவிடுங்கள். தழல் தானாக மேலே ஊர்ந்து போகும். விளக்கை எடுத்த பிறகும் தொடர்ந்து எரிவதுதான் காட்ட வேண்டிய காட்சி. வெப்பத்தை வெளிவிடும் வேதிச் சேர்க்கை அது. கையேடு 'ஐந்து நிமிடம் சூடாக்கவும்' என்று சொல்வதால் அந்தக் காட்சி யாருக்கும் தெரியாமல் போகும்.

குழாய் போய்விடும் என்று நினைத்துக்கொண்டே செய்யுங்கள். பெட்டியில் இருப்பது சாதாரண சோடாக் கண்ணாடி. தழல் சூட்டில் விரிசல் விடும், இரும்பு சல்பைடும் அடியில் ஒட்டிக்கொள்ளும். போரோசிலிகேட் குழாய் ஒன்று வாங்கினாலும் பெரும்பாலும் ஒரு தடவைக்குத்தான். ஆறிய பிறகு துணியில் சுற்றி உடைத்துக் கட்டியை எடுங்கள். மொட்டை மாடியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று செய்யுங்கள். கந்தகம் எரிந்து வரும் கந்தக டைஆக்சைடு மூச்சை அடைக்கும், ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

லேத் பட்டறையில் இலவசமாகக் கிடைக்கும் இரும்புச் சுருளைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் எண்ணெய் இருக்கும், துண்டும் தடிமன். மேல்பரப்பு மட்டும் சேர்ந்து உள்ளே இரும்பாகவே நிற்கும். பெட்டியில் வரும் சாம்பல் நிறத் தூள் நல்ல தரம்தான். ஆனால் டப்பா மூடி இறுகவில்லை; மழைக்காலத்தில் பழுப்பாகிவிட்டால் அது ஆக்சைடு, பயன்படாது.

இரண்டாவது சேர்மச் சோதனை நீரை மின்னால் பகுப்பது. 9 வோல்ட் பேட்டரி, இரண்டு பென்சில் கரி, தண்ணீர், ஒரு கரண்டி உப்பு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 2-க்கு 1 என்ற பருமனில் சேரும் என்கிறது கையேடு. உப்பு போட்டால் நேர்மின்வாயில் ஆக்சிஜனைவிடக் குளோரின்தான் அதிகம் வரும். நீச்சல் குளத்து வாடையே காட்டிக்கொடுக்கும். குளோரின் நீரில் நன்றாகவே கரைந்துவிடும் என்பதால் விகிதம் 5-க்கு 1, 8-க்கு 1 என்று எங்கேயோ போகும். உப்புக்குப் பதில் சலவை சோடா ஒரு கரண்டி போடுங்கள். பென்சில் கரியையும் மாற்றிவிட்டு எவர்சில்வர் ஊக்கு அல்லது கம்பி வையுங்கள். கரியில் ஆக்சிஜனில் ஒரு பங்கு கரியையே அரித்துப் போகும். இரண்டையும் மாற்றினால் 2-க்கு 1 மிக அருகில் வரும்.

கடைசியாக மாதிரிகள். ஹைட்ரஜன் வெள்ளை, ஆக்சிஜன் சிவப்பு, கார்பன் கருப்பு, நைட்ரஜன் நீலம், குளோரின் பச்சை, கந்தகம் மஞ்சள் என்று வழக்கமான நிறங்களையே வைத்திருக்கிறார்கள், நல்லது. ஆக்சிஜன் பந்தில் துளைகள் 90 டிகிரியில் போட்டிருக்கின்றன. நீர் மூலக்கூறின் கோணம் 104.5 டிகிரி. ஆறாம் வகுப்புக்குப் பரவாயில்லை. சோடியம் குளோரைடுக்கு ஒரு சோடியம் பந்தையும் ஒரு குளோரின் பந்தையும் ஒரு குச்சியால் கோத்திருப்பதுதான் பரவாயில்லை என்று விட முடியாதது. உப்பில் அப்படி ஜோடி மூலக்கூறு கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். கல் உப்பின் சதுர முனைகள் அந்த அடுக்கிலிருந்துதான் வருகின்றன. பெரிய எலுமிச்சையும் சிறிய நெல்லிக்காயும் மாற்றி மாற்றி அடுக்கினால் இந்த மாதிரியைவிடச் சரியாக இருக்கும். குளோரைடு அயனி சோடியம் அயனியைப்போல் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு.

அணு மாதிரித் தட்டில் நடுவில் அணுக்கரு ரூபாய் நாணயம் அளவு, ஓரத்தில் எலக்ட்ரான். தட்டே ஒரு சாண்தான். ஹைட்ரஜன் அணுக்கருவை 4 மில்லிமீட்டர் மிளகாகக் கொண்டால் அணுவின் குறுக்களவு சுமார் 250 மீட்டர் வரும். மிளகை மீனாட்சி கோயிலின் நடுவில் வைத்தால் அணுவின் ஓரம் வெளிமதில் பக்கம் போய் நிற்கும். தட்டில் இதை வரைய முடியாதுதான். கீழே ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நிலை மாற்றப் பக்கத்தில் 'அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் தனிமங்கள் பாதரசம், புரோமின் இரண்டே' என்று இருக்கிறது. அது 25 டிகிரிக் கணக்கு. காலியம் 29.8 டிகிரியில் உருகும், சீசியம் 28.5-இல். சித்திரை மாதத்து மதுரை வெயிலில் இரண்டும் திரவம்தான். 'குளிர்காலத்தில் தேங்காயெண்ணெய் உறையும்' என்ற எடுத்துக்காட்டும் இங்கே மார்கழி அதிகாலைக்குத்தான் சரிப்படும். 24 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும், பகல் வகுப்பில் பிரிட்ஜில் வைத்துத்தான் காட்ட முடியும்.

பணம் கொடுக்குமுன் பெட்டியைத் திறந்து மூன்று இடம் பாருங்கள். இரும்புத் தூள் சாம்பல் நிறமா, பழுப்பா. அந்துருண்டை உறையில் என்ன பொருள் என்று எழுதியிருக்கிறதா. மூடியின் உள்பக்கத் தனிம அட்டவணையில் 118-ஆவது கட்டத்தில் ஓகனெசன் என்று இருந்தால், 2016-க்குப் பிறகு திருத்தி அச்சிட்ட அட்டவணை. அனனாக்டியம் என்ற பழைய தற்காலிகப் பெயர் இருந்தால் குடோனில் கிடந்த சரக்கு. அதில் கந்தகம் கட்டி தட்டியிருக்கும், வடிதாள் மஞ்சளடித்திருக்கும், லேசர் பேட்டரியும் தீர்ந்திருக்கும்.